காலையில் வாசித்த வசனம் சாயங்காலம் வரை கூட வருவதற்கு

காலையில் வேதாகமம் வாசித்துவிட்டுக் குளிக்கப் போகிறீர்கள். திரும்பி வந்ததும் வீட்டில் யாராவது "இன்னைக்கு என்ன வாசிச்சீங்க?" என்று கேட்டால் ஒரு நொடி முழிக்கிறீர்களா? நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன். வாசிப்பு அட்டவணையில் டிக் மட்டும் ஒழுங்காக விழும்.

அட்டவணை மேல் எனக்குக் கோபம் இல்லை, கணக்கை மட்டும் பாருங்கள். நம் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று ஓடினால் ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும், பலருடைய புத்தாண்டுத் தீர்மானம் அங்கேதான் படுத்துவிடும். முழு வேதத்தையும் ஓட்டமாக ஒருமுறை வாசித்துவிடுவது நல்லதே, எது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். ஆனால் அந்த ஓட்டத்தையும் தியானத்தையும் ஒரே இருபது நிமிடத்துக்குள் திணித்தால் இரண்டுமே அரைகுறையாகப் போகும். தியானத்துக்குப் பத்துப் பதினைந்து வசனம் போதும். கத்தோலிக்கக் குடும்பங்களில் இந்தத் தொல்லை குறைவு, அன்றன்றைய திருப்பலி வாசகங்கள் ஏற்கெனவே அளவாக வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அதிலும் நற்செய்தி வாசகம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஒரு நாளுக்குத் தாராளம்.

எடுத்த பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிறதே, அங்கே தியானம் என்பதற்கு உள்ள எபிரெயச் சொல் ஹாகா. கண்ணை மூடி மௌனமாக உட்காருவது அல்ல அது, முணுமுணுப்பது. ஏசாயா புத்தகத்தில் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும் (31:4) புறாவின் முனகலுக்கும் (38:14) இதே சொல்தான். அதனால் வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள் என்றாலும் உதடாவது அசையட்டும். கண் தாவிப்போகிற வார்த்தையில் நாக்கு தடுக்கும்.

தமிழும் சில இடங்களில் தடுக்கும், அதை மழுப்பிக்கொண்டு போகாதீர்கள். 23-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி "நான் தாழ்ச்சியடையேன்" என்று சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, எனக்கு யாரிடமும் அவமானம் வராது என்பதுதான் அர்த்தம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் அதே வரி "எனக்கேதும் குறையில்லை" என்று இருப்பதைப் பார்த்த அன்றுதான் விளங்கியது. எந்தச் சபையாராக இருந்தாலும் இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

அடுத்தது கவனிப்பது. "இது எனக்கு என்ன சொல்கிறது?" என்ற கேள்விக்கு உடனே தாவாதீர்கள். முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாற்கு 10-ஆம் அதிகாரத்தின் கடைசியில் எரிகோ வழியோரம் பர்திமேயு என்ற குருடன் கத்துகிறான், பேசாதிரு என்று பலர் அதட்டுகிறார்கள், இயேசு நின்று அவனை அழைக்கிறார், "நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்?" என்ற பொருளில் கேட்கிறார். தெரிந்த கதைதான். ஆனால் ஒரு பதினைந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள், யாக்கோபையும் யோவானையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். கூடவே நடந்த சீஷர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி கேட்டார்கள், பிச்சை எடுத்தவன் பார்வை கேட்டான். இதை நான் கவனித்த அன்று என் ஜெப நோட்டை எடுத்து, அதில் எழுதியிருந்த விண்ணப்பங்களில் எத்தனை நாற்காலி, எத்தனை பார்வை என்று எண்ணினேன். எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

முன்பின் வாசிக்காமல் ஒற்றை வசனத்தை உருவினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுச் சுவர்களே சாட்சி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் உள்ள வரி. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. அந்த அட்டையை வைத்து இந்த வருடமே இடமாற்றம் கிடைத்துவிடும் என்று காத்திருக்கிறவர், பிடிக்காத ஊரில் வேரூன்றுவது எப்படி என்கிற பகுதியைத் தவற விடுகிறார். அட்டையைக் கழற்ற வேண்டாம், பத்து வசனம் சேர்த்து வாசித்தால் சரி.

இப்போது நடைமுறைக்கு வருவோம், பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறோம். "நான் இன்னும் அன்பாக இருக்க வேண்டும்", "விசுவாசத்தில் வளர வேண்டும்" என்றெல்லாம் நோட்டில் எழுதுவது சுலபம், யாராலும் சரிபார்க்க முடியாது. நான் எனக்கு வைத்திருக்கிற சட்டம் இது: எழுதுவதில் ஒரு ஆள் இருக்க வேண்டும், ஒரு செயல் இருக்க வேண்டும், இன்று ராத்திரிக்குள் முடிகிறதாக இருக்க வேண்டும்.

எல்லாரும் சலித்துக்கொள்கிற அதே லேவியராகமத்திலிருந்து உதாரணம் சொல்கிறேன். 19:13, கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது. நான் இதை வாசித்தது ஒரு ஞாயிறு காலை. முந்தின நாள் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய வந்தவரிடம், சில்லறை இல்லை, திங்கட்கிழமை வாங்கிக்கோங்கண்ணே என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். கையில் ஜிபே இருந்தது, சோம்பல்தான் காரணம். "தொழிலாளரை மதிக்க வேண்டும்" என்று நோட்டில் எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்பே அவருக்குப் போன் போட்டு எண் வாங்கிப் பணத்தை அனுப்பினேன். அப்புறம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத் தேதியும் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் தேதி என்று பேசியது எப்படியோ எட்டு, ஒன்பது என்று நழுவியிருந்தது. ஒரு வசனம் சரியாக இறங்கினால் இப்படித்தான், தானாகவே அடுத்த அறைக்கும் போகும்.

ஒரு எச்சரிக்கை: வாசிக்கும்போது "இது அந்தச் சித்திக்குச் சரியாகப் பொருந்துமே" என்று தோன்றும். நிச்சயம் தோன்றும். அந்த வசனத்தை வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டு மறைமுகமாகக் குத்தவும் கை துறுதுறுக்கும். அப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். முடிந்தால் வாசிக்கவே அச்சுப் புத்தகத்தை எடுங்கள், செயலியில் வாசித்தால் மேலே ஏதாவது செய்தி குதித்துக்கொண்டே இருக்கும்.

மறுநாள் காலை புதிய பகுதியைத் திறப்பதற்கு முன், நேற்று எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். செய்தாயிற்றா, இல்லையா. செய்யவில்லை என்றால் புதிதாக ஒன்றை எழுதாமல் அதையே இன்றைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரே வரியை ஒன்பது நாள் சுமந்திருக்கிறேன். ஒருவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய வரி அது.

எல்லா நாளும் செய்வதற்கு ஏதாவது கிடைக்கும் என்றும் இல்லை. 88-ஆம் சங்கீதம் இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதல் வரி ஒன்றுகூட இல்லை. அதிலிருந்து மூன்று பாடம் எடுக்க முயற்சி செய்யாதீர்கள். மருத்துவமனை வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சங்கீதம் எதற்கு என்று. அந்த மாதிரி நாளில் நோட்டில் தேதி மட்டும் போட்டால் போதும்.

விட்டுப்போன நாட்களுக்குப் பழைய பாக்கி சேர்க்காதீர்கள். நான்கு நாள் தவறியது என்றால் பன்னிரண்டு அதிகாரக் கடனோடு யாரும் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார மாட்டார்கள். இன்றைய தேதிக்கு என்னவோ அதைத் திறங்கள். அதற்கும் நேரமில்லை, ஆபீஸ் பஸ் வந்துவிடும் என்றால் 117-ஆம் சங்கீதம் இருக்கிறது. மொத்தமே இரண்டு வசனம், பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற நேரத்தில் நாலு தடவை முணுமுணுத்துவிடலாம்.