டேமேஜ் மூட்டைக்குப் போகும் முன்: தறித் தவறைப் புது டிசைனாக்கும் வழி

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கம் விசைத்தறிக் கொட்டகையிலோ சாயப்பட்டறையிலோ புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருத்தணியிலிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிறவர்களும் இதில் சேர்த்தி. கெட்டுப்போன துணியை டேமேஜ் மூட்டையில் போட்டுக் கிலோ கணக்கில் விற்றுவிடுவது வழக்கம். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் செலவு செய்தால் சில தவறுகளில் நல்ல டிசைன் கிடைக்கும். எல்லாவற்றிலும் கிடைக்காது. வேண்டுமென்றே திரும்பச் செய்ய முடிகிற தவறுதான் டிசைன் ஆகும். மற்றதெல்லாம் நஷ்டக் கணக்குதான்.

1. தறியை நிறுத்துங்கள்

இழை அறுந்தாலும் ஊடையின் (குறுக்கே ஓடும் நூலின்) கலர் மாறினாலும் உடனே நிறுத்த வேண்டும். ஓடவிட்டால் தவறு எங்கே ஆரம்பித்தது என்பதே தெரியாமல் போகும். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானாக நின்றுவிடும். பிறகு அந்தக் குடும்பம் தொடங்கிய கார் தொழிற்சாலையிலும் இதே வழக்கம் வந்தது. கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து ஆளைக் கூப்பிடலாம்.

மேஸ்திரி அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. தவறைத் தானாக வந்து சொன்ன பையனைத் திட்டினால், அடுத்த தவறு உங்கள் காதுக்கே வராது.

2. இதில் விளையாடலாமா என்று பாருங்கள்

பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) தளர்ந்து துணி பலமில்லாமல் போயிருந்தால் அதை டிசைன் என்று சொல்லி விற்கக் கூடாது. குழந்தைத் துணியில் சாயம் விட்டாலும் அப்படியே. கண்ணுக்கு மட்டும் மாறித் தெரிகிற தவறுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கலர் மாறியது, கட்டம் தள்ளி விழுந்தது, ஷேடு திட்டுத் திட்டாக வந்தது.

3. ஒரு துண்டு வெட்டி நோட்டில் ஒட்டுங்கள்

இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒரு ஜாண் துண்டு போதும். பக்கத்தில் எழுத வேண்டியவை: தேதி, நூல் நம்பர், சாயத்தின் பெயர், எடை, தண்ணீரின் அளவு, சூடு, நேரம், எதை எப்போது போட்டீர்கள் என்பது. தவறு செய்தவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். பெயர் ஏறினால் அது குற்றப் பதிவேடாகிவிடும், யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

வில்லியம் பெர்கின் 1856-இல் லண்டனில் செய்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது அவருக்கு வயது 18. மலேரியாவுக்கான குயினைன் மருந்தைச் செயற்கையாகத் தயாரிக்கப் பார்த்தார். கிடைத்ததோ கறுப்பு மண்டி. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதா நிறம் தெரிந்தது. கொட்டிவிடாமல் பட்டில் ஏற்றிப் பார்த்தார், பிடித்தது. சாயக்காரர்களுக்கு மாதிரி அனுப்பினார். பருத்தியில் சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் டானின் என்ற துவர்ப்புப் பொருளைச் சேர்த்தால் பருத்தியிலும் நிற்கும் என்று கண்டுபிடித்தார். நம் கடுக்காயில் இருப்பதும் டானின்தான். காளஹஸ்தியில் கலம்காரித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து நனைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்த ஊதா பெரிய தொழிலாக வளர்ந்ததற்குக் காரணம், அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறையை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

4. சின்ன அளவில் திரும்பச் செய்யுங்கள்

பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில், சாயம் பிடிப்பதற்காகச் சேர்க்கும் சோடா ஆஷை ஒரேயடியாகக் கொட்டினால் சாயம் வேகமாகப் பிடித்து நூல் திட்டுத் திட்டாக வரும். சரி, அந்த நூலை ஊடையில் போட்டுப் பாருங்கள். துணியின் குறுக்கே ஏறி இறங்குகிற கோடுகள் விழும், பார்க்க நன்றாகவே இருக்கும். இதை ஆர்டராக எடுக்க முடியுமா என்பதைச் சோதிக்க 100 கிராம் நூல் போதும். 2 சதவீத ஷேடு, அதாவது நூல் எடையில் 2 சதவீதம் சாயம், என்றால் 2 கிராம் சாயம். நூலுக்கு 20 மடங்கு தண்ணீர் என்றால் 2 லிட்டர். உப்பு, சூடு, நேரம் எல்லாம் நோட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

மூன்று தடவை செய்து மூன்று நூல் கண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். திட்டுகள் அச்சு அசலாக ஒரே இடத்தில் வராது, வரவும் வேண்டாம். வெளிர்ந்த இடமும் அடர்ந்த இடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். கடைசியாக, வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து சோப்புத் தண்ணீரில் துவைத்து, வெள்ளையில் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

5. வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். பிறகு அதையே ‘சாயம் விடும், உத்தரவாதம்’ என்று வெளிப்படையாக விளம்பரப்படுத்தினார்கள். துவைக்கத் துவைக்கக் கலர்கள் ஒன்றோடொன்று கலப்பதற்காகவே மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். முன்கூட்டியே சொன்னதும் குறை சிறப்பாகிவிட்டது.

ஆர்டர் கொடுத்த கடைக்காரருக்கு அவர் கேட்ட சரக்கைத் தனியாக நெய்து கொடுத்துவிடுங்கள். புதுத் துண்டை அதற்குப் பதிலாகத் தள்ளிவிடாமல், வேறு சாம்பிள் என்று சொல்லிக் காட்டுங்கள். திருத்தணிப் பக்கம் ஒருவர், திருப்பதிப் பக்கம் ஒருவர் என இரண்டு கடைக்காரர்களிடமாவது காட்டுவது நல்லது, ருசி வேறுபடும். எத்தனை மீட்டர், என்ன விலை என்று அவர்கள் சொல்வதை அதே நோட்டில், அந்தத் துண்டுக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.