டிங்கி வாங்கும் முன் லாக்கர் மூடியை அளந்து பாருங்கள்

படகிலிருந்து கரைக்குப் போய்வரக் காற்றடைக்கும் டிங்கி, அதாவது ஒரு குட்டிப் படகு, வாங்க நினைப்பவர்கள், அதில் எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: சுருட்டினால் எங்கே வைப்பீர்கள், யார் தூக்குவார்கள்? எங்களுடையது எட்டு மீட்டர் பாய்மரப் படகு. அதில் நானும் மனைவியும் மட்டும்தான். இருவராகச் சேர்ந்து படகின் ஓரத்துக் கம்பிவேலிக்கு மேலே தூக்கி இறக்க முடியாத டிங்கி எங்களுக்கு வெறும் சரக்கு மூட்டை.

அதனால் முதல் வேலை டேப்பை எடுப்பது. டிங்கியை வைக்கப்போகும் லாக்கரின், அதாவது படகின் சாமான் பெட்டியின், உட்புறத்தை அல்ல, அதன் வாயை அளக்க வேண்டும். உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும் மூடி திறக்கும் அகலம்தான் கணக்கு. விளம்பரத்தில் போட்டிருக்கும் மடிப்பு அளவு தொழிற்சாலையில் சுருட்டியது. நாம் ஈரக் கையோடு சுருட்டினால் அந்த அளவு வராது, கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: மோட்டார் மாட்டும் பின்பலகை மடியாது. துணி எவ்வளவு சுருங்கினாலும் மூட்டை அந்தப் பலகையைவிடக் குறுகாது.

அடுத்தது தரை. குறுக்குச் சட்டங்கள் வைத்த தரைதான் எளிமையானது. இரண்டு மீட்டர் டிங்கி ஏறக்குறைய 20 கிலோவில் முடிந்துவிடும், சட்டங்களோடு அப்படியே சுருட்டலாம். ஆனால் காலடியில் நெளியும், வேகமும் வராது. காற்றுத் தரை என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும் மெத்தை. 0.8 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்கு அடித்தால் பலகை போல விறைத்து நிற்கும். எடை சற்றுக் கூடும், பம்பு அடிக்கும் கைக்கும் வேலை உண்டு. ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன், நின்றுகொண்டு சாமான் இறக்க முடிகிறதே! அடிப்பாகம் கெட்டியாக இருக்கும் ரிப் வகை, படகின் அமரத்தில் (பின்பக்கத்தில்) தூக்குக் கம்பம் வைத்திருப்பவர்களுக்குச் சரி.

துணியில் இரண்டு வகை: பிளாஸ்டிக் வகையான பிவிசி, செயற்கை ரப்பரான ஹைபலான். ஹைபலான் தயாரிப்பை டூபாண்ட் 2010இல் நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை இப்போது மற்றவர்கள் செய்கிறார்கள், பேர் மட்டும் நிலைத்துவிட்டது. வருடம் முழுக்க வெயிலில் கிடக்கும் டிங்கிக்கு அதுதான் தாங்கும். விலையும் எடையும் அதற்கேற்ப ஏறும். வேலை முடிந்ததும் லாக்கருக்குள் போகிற டிங்கிக்கு, ஓரங்களைச் சூட்டில் இணைத்த பிவிசி போதும்.

மோட்டாரையும் தனியாகத் தூக்கித்தான் மாட்ட வேண்டும். இரண்டரை குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் வகைகளே 13 முதல் 18 கிலோ வரை வரும். சின்ன டிங்கிகளின் பின்பலகைக்குப் பெரும்பாலும் 15 அங்குலக் குட்டைத் தண்டு உள்ள மோட்டார்தான் பொருந்தும். டிங்கியில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஆள், எடை, குதிரைத்திறன் மூன்றுக்கும் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டாதீர்கள்.

டிங்கியின் குழாய் தடுப்பு வைத்துத் தனித்தனிக் காற்றறைகளாகப் பிரிந்திருக்கும். காற்றடிக்கும்போது ஓர் அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது, நடுத் தடுப்பு இழுபடும். எல்லா அறைகளையும் பாதி பாதியாக நிரப்பி, பிறகு சுற்றி வந்து 0.25 பாருக்குக் கொண்டுவாருங்கள். கையேட்டில் வேறு அழுத்தம் சொல்லியிருந்தால் அதுதான் சரி. 15 டிகிரிக் காலையில் இப்படி நிரப்பிய குழாய், வெயில் ஏறி உள்ளிருக்கும் காற்று 40 டிகிரியைத் தொட்டால் 0.36 பாரை நெருங்கிவிடும். துணி கொஞ்சம் விரிந்துகொடுக்கும் என்றாலும், மேல்தளத்தில் காயும் டிங்கியில் சிறிது காற்றை இறக்கிவிடுவதுதான் நல்லது. அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் தளர்ந்து தெரியும். ஓட்டை என்று பதற வேண்டாம், நாலு தடவை பம்பு அடித்தால் சரியாகிவிடும்.

ஏறும்போது நடுவில் கால் வைத்து உடனே உட்காருங்கள், பைகளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். மோட்டாரை இயக்குவதற்கு முன்பே அதன் நிறுத்துக் கயிறு (இழுபட்டால் மோட்டாரை அணைத்துவிடும் கயிறு) உடம்போடு மாட்டியிருக்க வேண்டும். டிங்கியின் அணியத்தில் (முன்பக்கத்தில்) கட்டும் கயிறு மிதக்கும் வகையாக இருந்தால் மோட்டார் விசிறியில் சிக்கும் வாய்ப்பு குறைவு. இரவில் காற்று வலுக்கும் என்று தோன்றினால் டிங்கியைத் தண்ணீரில் விடாதீர்கள். காலி டிங்கியைக் காற்று எளிதாகக் கவிழ்த்துவிடும், மோட்டார் மாட்டியிருந்தால் அதுவும் தலைகீழாக மூழ்கும்.

சுருட்டும் முன் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். குழாயும் தரையும் சேரும் இடுக்கில் தங்கும் மணல்தான் துணியை மெல்ல மெல்ல அரிக்கும், அங்கே விரலை விட்டே துழாவிப் பாருங்கள். காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வில் தடவுங்கள். அங்கே குமிழி வந்தால் வால்வு சாவியால் இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். துணியில்தான் கசிவு என்றால் ஒட்டுப்போட வேண்டியதுதான். பிவிசி பசை ஹைபலானில் பிடிக்காது, எனவே டப்பாவில் எந்தத் துணிக்கானது என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டியபின் அதில் போட்டிருக்கும் நேரம் முழுக்க உலரவிட்டு, அதற்கப்புறம் பம்பைத் தொடுங்கள்.