வெயிலையும் கடல்தண்ணீரையும் நம்பி வீட்டில் ஒரு பவளத்தொட்டி

சென்னையில் கடலுக்கு அரை மணி நேரத் தூரத்தில் வீடு, மேலிருந்து வெளிச்சம் இறங்குகிற ஒரு முற்றம் அல்லது கிழக்குப் பார்த்த வராண்டா, இந்த இரண்டும் இருந்தால் விலை கூடிய எல்இடி விளக்கும் மூட்டை மூட்டையாக உப்பும் வாங்காமலே பெரிய பவளத்தொட்டி வைக்கலாம். இது புது யோசனை இல்லை. 1960-களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வெயில், கடல்தண்ணீர், கடலில் கிடந்த உயிருள்ள பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய கல்), கொஞ்சம் காற்றுக்குமிழ் இவற்றை மட்டும் வைத்து வளர்த்துக் காட்டினார். ஆனால் கடையில் வாங்கிய விளக்கும் உப்பும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், வெயிலும் கடலும் அப்படி இருக்காது. சித்திரை வெயில் மார்கழியில் கிடையாது, பங்குனித் தண்ணீர் ஐப்பசியில் கிடையாது. நாள்காட்டியைப் பார்த்து நடத்த வேண்டிய தொட்டி இது.

முதலில் சட்டம். கல்பவளங்கள் எல்லாமும் கடல்விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குப் பக்கத்தில். செத்த பவளக்கல்லும் இதில் சேர்த்தி. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து யாராவது 'லைவ் ராக்' என்று கொண்டுவந்து விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்கடியில் போய்விட்டன, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததுதான் அதற்குப் பெரிய காரணம். அதனால் நான் சொல்வதெல்லாம் பில்லோடு வாங்கும், கல்கூடு கட்டாத இறக்குமதி மென்பவளங்களுக்கு: சார்கோஃபைடன், சினுலேரியா, ஜீனியா, காளான் பவளம், சோவாந்திட். பாறைக்கு, தொட்டிக்கென்றே செய்து விற்கும் செராமிக் கல் போதும், ஆறு மாதத்தில் அதுவும் உயிருள்ள பாறையாகிவிடும்.

தொட்டி 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 850 லிட்டர். கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தாண்டும், எனவே தரைத்தளம்தான். இரும்பு ஸ்டாண்ட் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். செங்கல் சுவர் எழுப்பி மேலே கடப்பா கல் பதித்து, அதன்மேல் தெர்மோகோல் ஷீட் போட்டு வையுங்கள்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். கூரைத் திறப்பு தண்ணீருக்கு 8 அடி மேலே இருந்தால் மார்கழி நண்பகல் வெயில் கிட்டத்தட்ட 6 அடி வடக்கே தள்ளி விழும், சித்திரையில் தொட்டி நடுவில் விழுந்த வெளிச்சம் அப்போது சுவரில் போய் நிற்கும். ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் வரும் வெயிலை மட்டும் நம்பினால் பவளங்கள் ஜன்னலைப் பார்த்து வளைந்து வளரும், அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் தினமும் பாசி சுரண்ட வேண்டியிருக்கும். மேலிருந்து விழும் வெயிலில் இன்னொரு விஷயமும் உண்டு. அலை அசையும்போது மணலில் ஒளிக்கோடுகள் ஓடுமே, அதை ஒருமுறை பார்த்தவருக்கு வேறு எந்த விளக்கும் பிடிக்காது.

ஆனால் முழு வெயில் ஆகவே ஆகாது. வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள், நம் ஊர் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். மென்பவளத்துக்கு அது உட்கார்ந்திருக்கும் ஆழத்தில் ஐயாயிரம் முதல் எட்டாயிரம் போதும். நர்சரிகளில் கட்டும் பச்சை வலை, 75 சதவீத நிழல் தருவது, அதைத் திறப்புக்குக் கீழே கட்டுங்கள். தண்ணீர் மட்டத்தில் கைபேசி லக்ஸ் செயலியை வைத்துப் பார்த்து இருபதாயிரத்துக்கும் இருபத்தைந்தாயிரத்துக்கும் இடையில் நிறுத்துங்கள். கைபேசி அளவு துல்லியமானது இல்லை, ஆனாலும் இதற்குப் போதும். கடையில் எல்இடி-யில் இருந்த பவளத்தை நேராக வெயிலுக்குக் கொண்டுவந்தால் வெளுத்துவிடும், அதனால் முதல் மூன்று வாரம் வலையை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். அடைமழையில் நாலைந்து நாள் வெயிலே வராவிட்டால் பயப்பட வேண்டாம், தாங்கும். அதற்கும் மேல் போனால் சாதாரண எல்இடி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

வெயிலோடு சூடும் வரும். 25 முதல் 27 டிகிரி நல்லது, 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் கடலிலேயே அது நடந்தது. மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஒன்றிரண்டு டிகிரி குறையும், நம் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கித்தான் ஆக வேண்டும், அரை எச்பி-க்குக் குறையாமல் வாங்குங்கள். அது வெளியே தள்ளும் சூட்டுக்காற்று வீட்டுக்குள் சுற்றாதபடி வையுங்கள். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்தண்ணீர் இல்லை. தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

இனி கடல்தண்ணீர். வாடைக்காற்று தொடங்கியதும் வங்கக்கடலின் வடக்கிலிருந்து உப்புக் குறைந்த தண்ணீர் கரையோரமாகத் தெற்கே இறங்கும், மழைவெள்ளமும் ஆறுகள் வழியாக வந்து சேரும். கோடையில் ஆயிரத்துக்கு 34, 35 பங்கு இருக்கிற உப்பளவு அப்போது 30-க்கும் கீழே போகும். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. நவம்பர் கடைசியில், மழை விட்டு ஐந்து நாள் ஆனபின், பளிங்கு போல இருந்த தண்ணீரை எடுத்துவந்து அளக்காமலே தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினேன். ஜீனியா இரண்டு நாளில் கூழானது, மற்றவை ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. மிச்சம் இருந்த கேனை அப்புறம்தான் அளந்தேன்: 27. தெளிவாக இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நினைக்காதீர்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை 35 அளவுக் கரைசலால் சரிபார்த்து வையுங்கள், அளக்காமல் ஒரு குடம்கூட ஊற்றாதீர்கள்.

மாசி முதல் ஆவணி வரை எடுக்கலாம். புரட்டாசியில், மழைக்கு முன்னால், சேமித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு 85 லிட்டர் மாற்றினால் ஐப்பசி முதல் தை வரை 8 முறை, 680 லிட்டர். 750 லிட்டர் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று போதும்.

எண்ணூர்ப் பக்கம் வேண்டாம், 2017-லும் 2023-லும் எண்ணெய் பரவிய இடம். கூவம், அடையாறு முகத்துவாரங்களும் வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே போய், ஃபைபர் படகில் மீனுக்குப் போகிற அண்ணன் யாரிடமாவது கேன்களைக் கொடுத்துக் கரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளி எடுத்துவரச் சொல்லுங்கள். கேன்கள் உங்களுடையதாக இருக்கட்டும், டீசல் இருந்த கேனில் ஒருமுறை பிடித்தாலும் போச்சு. அலை நீலமாக மின்னுகிற நாட்களில் எடுக்கவே கூடாது. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகரில் ஊரே கூடி நின்று பார்த்தது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர்ப் பெருக்கம், அது செத்து அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். படகு கிடைக்காதவர்கள் மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வடிகட்டிய கடல்தண்ணீர் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கொண்டுவந்ததை வடிகட்டி, இருட்டில் மூடி, உள்ளே சின்ன பம்ப் ஓடவிட்டு இரண்டு வாரம் வையுங்கள். மிதவை உயிர்கள் செத்து அடங்கும். அம்மோனியா சுழியம் காட்டியபின் பயன்படுத்துங்கள்.

தொட்டி நிரப்பி ஆறு வாரம் சும்மா ஓடட்டும். வெயில் தொட்டியில் பாசி நிச்சயம் வரும். நத்தைகளை முதலில் விடுங்கள், பிறகு பாசி தின்னும் ஓரா இனத்து ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் ஒன்று. நம் மீனவர்களுக்குத் தெரியும், ஓரா முள் குத்தினால் கடுக்கும், கை விடும்போது கவனம். கோமாளி மீன் வேண்டுமானால் தொட்டியில் பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள், கடலிலிருந்து பிடிக்க அவசியம் இல்லை.

சோவாந்திட்டை வெட்டும்போதோ கல்லைத் தேய்க்கும்போதோ கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. அந்தக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைக்கவே கூடாது, ஆவியைச் சுவாசித்து வீடே ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

கரண்ட் போனால் பகலில் அவ்வளவு பயமில்லை, வெயில் இருக்கும், பாசியும் பவளமும் ஆக்சிஜன் விடும். இரவில்தான் ஆபத்து, விடியும் முன் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அலை பம்ப் ஒன்றை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் புரட்டாசிக்குள் வாங்கி வையுங்கள்.