மீதெவிட்டிய நீராவியில் துளி பிறப்பதைக் கணக்கிடுவது எப்படி

முதலில் ஓர் எச்சரிக்கை. பினாங்குக் கொடிமலையில் இறங்கும் மூடுபனிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடல் உப்பும் புகைமூட்டத் துகளும் அங்கே துளிக்குக் கருவாகின்றன. அதனால் மீதெவிட்டல், அதாவது தெவிட்டிய அளவுக்கு மேல் இருக்கும் கூடுதல் ஆவி, 1 சதவீதத்தை அரிதாகவே தாண்டும். இங்கே பார்ப்பது தூசியே இல்லாத ஆவி.

வெப்பநிலை 300 கெல்வின் என்று வைப்போம், பினாங்கின் இரவுச் சூடுதான். நீரின் பரப்பு இழுவிசை 0.0717 நியூட்டன்/மீட்டர். திரவத்தில் ஒரு மூலக்கூறின் கன அளவு 3.0×10⁻²⁹ கன மீட்டர். தெவிட்டிய ஆவியழுத்தம் 3.54 கிலோபாஸ்கல். போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வரும் வெப்ப ஆற்றல் 4.14×10⁻²¹ ஜூல்.

ஆவியழுத்தத்தைத் தெவிட்டிய அழுத்தத்தால் வகுத்தால் தெவிட்டல் விகிதம். அது 1-ஐத் தாண்டியும் ஆவி ஆவியாகவே நின்றால் அதுதான் சிற்றுறுதி நிலை.

இதைவிடச் சிறிய துளி ஆவியாகிவிடும், பெரியது வளரும் என்ற எல்லைதான் மாறுநிலை ஆரம்:

மாறுநிலை ஆரம் = 2 × பரப்பு இழுவிசை × மூலக்கூறு கன அளவு ÷ (வெப்ப ஆற்றல் × விகிதத்தின் இயல் மடக்கை)

விகிதம் 4 என்றால் ஆரம் 0.75 நானோமீட்டர், துளியில் சுமார் 59 மூலக்கூறுகள். அந்தத் துளி உருவாகத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மாறுநிலைத் துளியின் பரப்பளவு × இழுவிசை ÷ 3. அது வெப்ப ஆற்றலைப் போல் ஏறத்தாழ 41 மடங்கு. துளிகளின் பிறப்பு வேகம் கன மீட்டருக்கு விநாடிக்கு 10¹⁵ அளவில் வரும். விகிதத்தை 3 ஆக்கினால் 10⁴ அளவுக்கு விழுந்துவிடும்!

இதைப் பைத்தானில் சரிபார்க்க பெக்கர்–டோரிங் கூட்டல் போதும், வகையீட்டுச் சமன்பாடே தேவையில்லை. 1 மூலக்கூறிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அளவுத் திரளுக்கும் அதன் மேல் ஆவி மோதும் வீதத்தையும் சமநிலையில் அத்தகைய திரள்கள் இருக்கும் எண்ணிக்கையையும் பெருக்கித் தலைகீழாக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையையும் தலைகீழாக்கினால் வேகம் கிடைக்கும். கூட்டலை மாறுநிலை அளவின் இரு மடங்கு வரை நீட்ட வேண்டும். விகிதம் 2 என்றால் மாறுநிலை அளவே 470 மூலக்கூறுகள். 200-இல் நிறுத்தினால் விடை பொய். விகிதம் 1.3 போன்று குறைந்தால் அடுக்குக்குறிச் சார்பின் மதிப்பு சுழியாகச் சுருங்கி வகுத்தல் பிழை வரும், ஆகவே முழுவதும் மடக்கையிலேயே செய்யுங்கள்.

மேலே பயன்படுத்திய பழைய சூத்திரத்தில் ஒற்றை மூலக்கூறுக்கும் துளி உருவாகும் ஆற்றல் ஏறிவிடுகிறது. அதைக் கழித்தால் விகிதம் 4-இல் வேகம் சுமார் 800 மடங்கு கூடும். எது பயன்படுத்தினீர்கள் என்று எழுதாத வரைபடத்தை யாரும் ஒப்பிட முடியாது.

பரப்பு இழுவிசைதான் மிகப் பெரிய ஆபத்து. தடை அதன் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் 5 சதவீதப் பிழை வேகத்தை 600 மடங்கு தள்ளிவிடும். ஒரு நானோமீட்டர்த் துளிக்குத் தட்டையான நீர்ப்பரப்பின் மதிப்பைப் போடுவதே ஊகம்தான். எனவே ஒற்றை எண்ணைத் தராமல், இழுவிசையை 5 சதவீதம் மேலும் கீழும் மாற்றி மூன்று வளைகோடுகள் வரையுங்கள்.