அமெரிக்க மௌனப் படங்களைத் திரையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு கல்லூரி மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். 1915க்கு முந்தைய அமெரிக்க மௌனப் படங்களை ஒரு மாலை முழுக்கத் திரையிடப் போகிறார்களாம். பார்வையாளர்களுக்குக் கொடுக்க நான்கு பக்கக் குறிப்பும் தயாராக இருந்தது. குறிப்பைப் படித்தேன், படங்களைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகள் எல்லாமே வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். மௌனப் பட அரங்கில் இசை இருந்தது என்பது போன்ற விஷயங்களை விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

ஹாலிவுட்டிலிருந்து கதையைத் தொடங்குவது

எடிசனின் 'பிளாக் மரியா' படப்பிடிப்புக் கூடம் 1893இல் எழுந்தது நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில். அப்புறமும் பல வருடங்கள் நியூயார்க், ஃபோர்ட் லீ, சிகாகோ, பிலடெல்பியா என்றுதான் தொழில் நடந்தது. நெஸ்டர் நிறுவனம் ஹாலிவுட்டில் ஸ்டுடியோ போட்டதே 1911 அக்டோபரில்தான்.

கேமரா காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த படநிறுவனங்கள் எடிசனோடு சேர்ந்து அமைத்த கூட்டணியின் வழக்குகளுக்குப் பயந்து எல்லோரும் கலிபோர்னியாவுக்கு ஓடினார்கள் என்ற கதையையும் அப்படியே ஒப்பிக்காதீர்கள். 1908 டிசம்பரில் உருவான அந்தக் கூட்டணியில் செலிக் நிறுவனமும் ஓர் உறுப்பினர். அதுவே 1909இல் லாஸ் ஏஞ்சலஸில் படம் எடுத்தது. இன்னோர் உறுப்பினரான பயோகிராஃப் 1910 குளிர்காலத்தில் இயக்குநர் கிரிஃபித்தின் குழுவை அங்கே அனுப்பியது. வழக்குப் போடும் பக்கம் இருந்தவர்கள் யாருக்குப் பயப்பட வேண்டும்? குளிர்காலத்திலும் அங்கே வெயில் இருந்தது. வெளிச்சம் இருந்தால்தான் படம்.

எல்லாப் படத்தையும் விநாடிக்கு 24 பிரேமில் ஓட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்.

நான் முதலில் திரையிட்டவற்றில் கிரிஃபித் 1909இல் எடுத்த 'எ கார்னர் இன் வீட்' ஒன்று. கோதுமைச் சந்தையை ஒருவன் வளைத்துப் போடுகிறான், ரொட்டி விலை ஏறுகிறது, ஏழைகள் கடையில் நிற்கிறார்கள். தொடக்கத்தில் உழவர்கள் விதை விசிறிக்கொண்டே வயலில் நம்மை நோக்கி நடந்து வருவார்கள். கனத்த, களைத்த நடை அது. எனக்குக் கிடைத்த பிரதியில் அவர்கள் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். அரங்கம் சிரித்தது. கீபோர்டு வாசித்த நண்பர் பதினைந்து நிமிடத்துக்கு இசை தயார் செய்திருந்தார். படம் பத்தரை நிமிடத்தில் முடிந்துவிட்டது, அவர் கை அந்தரத்தில் நின்றது. "அந்தக் காலத்துல எல்லாரும் இப்படித்தான் வேகமா நடப்பாங்களா சார்?" என்று ஒரு மாணவி உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கணக்கு எளிதானது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். 1000 அடி ரீல் என்றால் 16,000 பிரேம். விநாடிக்கு 16 பிரேம் ஓட்டினால் ஏறக்குறைய 16 நிமிடம் 40 விநாடி வரும். 24இல் ஓட்டினால் 11 நிமிடம்தான். பேசும் படம் வந்த பிறகு, ஒலி சீராக வர வேண்டும் என்பதற்காக 24 நிலைத்தது. அதற்கு முன் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டு பிரேம், விநாடிக்கு இரண்டு சுற்று. கை மனிதக் கைதானே, ஆளுக்கு ஆள் வேகம் மாறும். அரங்கில் ப்ரொஜெக்டரைச் சுற்றிய ஆபரேட்டரும் தன் போக்கில் கூட்டிக் குறைப்பார்.

அதற்காக எல்லாவற்றையும் 16க்கு இறக்கிவிடாதீர்கள். அந்தத் தவறையும் நான் அடுத்ததாகச் செய்தேன். 1920களில் வேகம் படிப்படியாக ஏறி 24ஐத் தொட்டது. கீஸ்டோன் நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்களில் கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, ஆட்கள் திரையில் பறக்கும்படி செய்தார்கள். அவர்களை நிதானமாக நடக்க வைத்தால் நகைச்சுவை செத்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? நடப்பவரின் காலை மட்டும் நம்பாதீர்கள், நடிகர் உண்மையிலேயே வேகமாக நடந்திருக்கலாம். கீழே விழும் பொருளைப் பாருங்கள். கையிலிருந்து நழுவும் தொப்பி, குடத்திலிருந்து ஊற்றும் தண்ணீர், விசிறிய விதை. இவை எந்த இயக்குநர் சொன்னாலும் வேகமாக விழாது. பிறகு பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள். சில பிரேம்கள் ஒழுங்காக இரண்டு முறை வந்தால், வேகத்தை ஏற்கெனவே சரிசெய்துவிட்டார்கள் என்று அர்த்தம், கை வைக்காதீர்கள். வராவிட்டால், 24இல் ஓடும் கோப்பை பிளேயரில் 0.75 வேகத்தில் வையுங்கள். அது 18 பிரேம். அங்கிருந்து கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

அதே படத்தை அடுத்த வருடம் மறுபடி போட்டேன். ரொட்டிக் கடையில் ஏழைகள் அசையாமல் உறைந்து நிற்கும் ஒரு காட்சி உண்டு, நிழற்படம் போலவே இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து, படம் சிக்கிவிட்டது என்று நினைத்தார்கள். இந்தத் தடவை, கடைசிக் காட்சியில் ஒற்றை உழவன் விதைத்துக்கொண்டு வரும்வரை யாரும் இருமக்கூட இல்லை.

'உலகின் முதல்' என்று எழுதுவது

எழுதாதீர்கள்.

மிஞ்சியதை முழு வரலாறு என்று நினைப்பது

1912 முதல் 1929 வரை வெளிவந்த அமெரிக்க முழுநீள மௌனப் படங்கள் 11,000க்குச் சற்றுக் குறைவு. அவற்றில் வெளியான வடிவத்திலேயே முழுமையாகக் கிடைப்பவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தக் காலத்தில் பயன்படுத்திய, எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம் எரிந்தது, மக்கியது, தேவையில்லை என்று குப்பைக்கும் போனது. 1912க்கு முந்தைய பல படங்கள் பிழைத்ததற்குக் காரணம் காகிதம். பதிப்புரிமைப் பதிவுக்காகப் படத்தை நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு நூலகத்தில் கொடுத்தார்கள், பிற்பாடு அதிலிருந்து மறுபடி பிலிமுக்கு மாற்றினார்கள். பயோகிராஃப் நிறையக் கொடுத்தது, அதனால் கிரிஃபித் நம் கண்ணில் பெரிதாகத் தெரிகிறார். 1910இல் சோலாக்ஸ் என்ற சொந்த நிறுவனம் தொடங்கிய பெண் இயக்குநர் ஆலிஸ் கீ எடுத்தவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. குறிப்பில் அவருக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள்.

நடிகர் பட்டியலை அப்படியே நம்புவது

1910 வரை பெரும்பாலான நிறுவனங்கள் நடிகர் பெயரை வெளியிடவே இல்லை. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸை ரசிகர்கள் 'பயோகிராஃப் பெண்' என்றே அறிந்திருந்தார்கள். பிற்காலப் பட்டியல்களில் பல, முகத்தைப் பார்த்து அடையாளம் சொன்னவை.