கடுகைத் தேடிப் பூசணிக்காயை விடுகிறோம்: கரண்ட் பில்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூசணிக்காய் போகிற இடம் தெரியாது, கடுகு போகிற இடத்தை ஆராய்வார் என்று ஒரு பழமொழி உண்டு. பில் எகிறிய மாதத்தில் எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். யாரோ போட்டுவிட்டுப் போன லைட்டை அணைப்போம், சார்ஜரைப் பிடுங்குவோம், பிள்ளைகளைத் திட்டுவோம். அந்த நேரத்தில் குளியலறையில் வாட்டர் ஹீட்டர் இரண்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கும். எரியும் விளக்கு கண்ணில் படும், சூடாகும் தண்ணீர் படாது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு யூனிட்டை முடிக்க 111 மணி நேரம் எரிய வேண்டும், அதாவது நாலரை நாளுக்கு மேல். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதே ஒரு யூனிட் ஒரே தடவையில் முடிந்துவிடும். சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் பெருந்தீனிக்காரர்கள். வெளிச்சம், சத்தம், படம் எல்லாம் அவற்றுக்குப் பிறகுதான்.

அதனால் வெந்நீரிலிருந்தே ஆரம்பிப்போம். “ஹீட்டரை அணைத்து அணைத்துப் போட்டால்தான் செலவு அதிகம், போட்டபடியே விடு” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியில்லை. தொட்டியில் உள்ள நீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக வெளியே சூட்டை இழக்கும். இழந்ததை தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் குறித்த அளவில் வைத்திருக்கும் சுவிட்ச், மறுபடி மறுபடி ஈடுகட்டும். யாரும் குளிக்காத நேரத்திலும் அந்தச் செலவு நடந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் நீர் ஆற ஆற இழப்பும் குறையும். குளிப்பதற்குச் சற்று முன்னால் போட்டு, நீர் சூடானதும் அணைப்பதே லாபம்.

ஆனால் மிச்சம் பிடிக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 40-க்கு இறக்கிவிடாதீர்கள். தொட்டியில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி வரை, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். நீரை 60-க்குச் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள். சிக்கனத்தை ஹீட்டர் ஓடும் நேரத்தில் காட்டுங்கள், வெப்பநிலையில் வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இந்த எச்சரிக்கை அவ்வளவாகப் பொருந்தாது. வெந்நீரில் துவைக்கும்போது அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரைச் சூடாக்கத்தான் போகிறது. அன்றாட அழுக்குக்குக் குளிர்ந்த நீரோ 30 டிகிரியோ போதும்.

அடுத்தது ஏ.சி. வெயிலில் வந்ததும் ரிமோட்டை எடுத்து 16-இல் வைக்கிறோம், சீக்கிரம் குளிரும் என்று. குளிராது. பழைய வகை ஏ.சி.யில் கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது. 16 வைத்தாலும் 25 வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 வைத்தால் எப்போது நிற்பது என்று மட்டும் அதற்குத் தெரியாது. இன்வெர்ட்டர் வகையில் வேகம் மாறும். அறை மிகவும் சூடாக இருந்தால் அது தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும், நாம் விரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது.

ஆளில்லாத அறையில் அந்த மின்விசிறி சுற்றுவதில் மட்டும் அர்த்தமில்லை. அது காற்றைக் குளிரவைப்பதில்லை, நம் தோலின் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான்.

பிரிட்ஜை இரவில் அணைத்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மிச்சமாவது சொற்பம், கெட்டுப்போகும் உணவின் விலை அதைவிட அதிகம். உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 இருந்தால் போதும். இதைவிட முக்கியமாகக் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்து இழுப்பது போல வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. நாலு பக்கமும் சோதியுங்கள், கீழ் மூலையை மறக்காதீர்கள். புது பிரிட்ஜ் வாங்கியதும் பழையதை “இருக்கட்டுமே” என்று இன்னொரு அறையில் போட்டு ஓட்டுவது, என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே பெரிய தவறு.

இப்போது சார்ஜருக்கு வருவோம். போன் மாட்டாமல் சும்மா செருகியிருக்கும் நல்ல சார்ஜர் இழுப்பது 0.3 வாட்டுக்குள்தான். வருடம் முழுக்க விட்டாலும் மூன்று யூனிட் ஆகாது. ஆனால் சில செட்டாப் பாக்ஸ்கள் ரிமோட்டில் அணைத்த பின்பும் 10 வாட் வரை இழுக்கும். அது வருடத்துக்கு 87 யூனிட்! இரண்டுமே “சும்மா இருப்பவை”தான், ஆனால் ஒன்று கடுகு, மற்றது பூசணிக்காய். எது எது என்று உங்கள் வீட்டு மீட்டரே சொல்லும்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு, 1600 துடிப்பு என்ற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்து, பிறகு இரண்டு சிமிட்டலுக்கு இடையே உள்ள வினாடியாலும் வகுத்தால், அந்த நொடியில் வீடு இழுக்கும் கிலோவாட் கிடைக்கும். 3200 மீட்டர் வினாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 1,125 வாட் ஓடுகிறது என்று பொருள்.

நான் ஓர் இரவு எல்லாவற்றையும் அணைத்து, பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றிவிட்டு, கையில் போனின் ஸ்டாப்வாட்ச்சோடு மீட்டர் முன் நின்றேன். அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, 15 வினாடிக்கு ஒருமுறை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 75 வாட், மாதத்துக்கு 54 யூனிட். யாரும் தொடாத மின்சாரம்! சர்க்யூட் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்ததில் சிக்கியவை மூன்று: டிவிக்குப் பின்னால் இருந்த பெட்டி, ஸ்பீக்கர், எப்போதோ விற்றுவிட்ட ஏ.சி.யின் ஸ்டெபிலைசர். கடைசியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட இன்னொன்றும் உண்டு. சுவரில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிற “பவர் சேவர்” டப்பா ஒன்றை நானும் வாங்கினேன். திறந்து பார்த்தால் ஒரு கெபாசிட்டரும் பச்சை விளக்கும். கெபாசிட்டர் திறன் காரணியை (பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) ஓரளவு சீராக்கும், உண்மைதான். ஆனால் வீட்டு மீட்டர் பொதுவாக அளப்பது உண்மையில் செலவான கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை. அது குறையாது. போதாக்குறைக்கு அந்தப் பச்சை விளக்கும் கொஞ்சம் தின்னும்.

மாற்றுவதென்றால் அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் அளவில் இழுக்கும், பி.எல்.டி.சி. எனும் சிக்கன மோட்டார் வைத்த வகை 30 வாட்டை ஒட்டி. தினம் 12 மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் சாமான் அறையின் பல்பை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அடுப்பில் செய்யும் தவறு வேறு மாதிரி. தண்ணீர் கொதித்த பிறகும் தீயை முழுதாக வைத்தால் உள்ளிருப்பது சீக்கிரம் வேகும் என்று நினைக்கிறோம். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகும். கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறும் தீ அறையைத்தான் சூடாக்குகிறது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யாமல் விடாதீர்கள். அது வாயு சரியாக எரியவில்லை என்பதற்கான அடையாளம், கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் சேர்ந்தது.

தண்ணீர்க் கட்டணம் கட்டுபவர்கள் சொட்டும் குழாயைக் கவனிக்கிறார்கள். வினாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாளுக்கு 4 லிட்டரைத் தாண்டும். வெந்நீர்க் குழாயாக இருந்தால் அதற்குக் கரண்ட் பில்லும் சேர்த்து. ஆனால் சத்தமில்லாமல் ஒழுகுவது கழிவறை ஃப்ளஷ் தொட்டி. அதில் கொஞ்சம் உணவு வண்ணம் விட்டு, 15 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே அடைப்பான் தேய்ந்துவிட்டது.

கடைசியாக, பில்லையே தப்பாகப் படிப்பது. தொகையை ஒப்பிடாதீர்கள், யூனிட்டை ஒப்பிடுங்கள். அதுவும் போன மாதத்தோடு அல்ல, போன வருடம் இதே மாதத்தோடு, பில் எத்தனை நாளுக்கு என்பதையும் பார்த்து. அடுக்கடுக்காகக் கட்டணம் ஏறும் இடங்களில் கடைசியாகச் செலவான யூனிட்டுகள்தான் விலை அதிகமானவை. நீங்கள் மிச்சப்படுத்துவதும் அவற்றைத்தான், சராசரி விலையில் கணக்குப் போட்டால் லாபம் குறைவாகத் தெரியும். ரீடிங் எடுக்காமல் உத்தேசமாகப் போட்ட பில்லா என்றும் பாருங்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மீட்டரைப் போனில் படம் பிடித்து வைக்கிறேன். எண்ணும் தேதியும் ஒரே படத்தில் இருந்தால், தகராறு வரும்போது வாய் வலிக்கப் பேச வேண்டியதில்லை.