ஸ்டீராய்டில் முகம் வீங்கினால் செய்யக்கூடாதவை

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். மலத்தில் ரத்தம் போகும் பெருங்குடல் அழற்சி வந்து மூன்று மாதம் ஆகிறது. "அண்ணே, முகம் பூசணிக்காய் ஆயிடுச்சு. ரத்தமும் நின்னுடுச்சு. ரெண்டு நாளா மாத்திரை போடல." எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த அதே முட்டாள்தனம். உடனே டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன்.

சட்டென்று நிறுத்துவது

எனக்கும் அதே நோய்தான். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஆறாவது வாரம் 25-க்கு இறக்கியிருந்தார்கள். கும்பகோணத்தில் அக்கா மகள் கல்யாணம், தாய்மாமன் நான். பட்டுச் சட்டையின் கழுத்துப் பொத்தான் மாட்டவில்லை. நாலு நாள் முன்பு மாத்திரையை நிறுத்தினேன். சீர்த்தட்டோடு நிற்கையில் கண் இருட்டியது. தாலி கட்டியபோது நான் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு கிடந்தேன்.

நம் ஊரில் போர் போட்டவர் வாய்க்காலைத் தூர்வாருவதில்லை அல்லவா? மோட்டார் நின்றால் வயலுக்கு இரண்டு தண்ணீரும் இல்லை. அதே கதைதான். உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசாலைச் சுரக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பி, மாத்திரை வரவர வேலையை விட்டுவிடும். திரும்ப எழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வாரத்துக்கு 5 மில்லிகிராம் என்பதுபோலப் படிப்படியாக இறக்குகிறார்கள். கணக்கு டாக்டருடையது, நம்முடையது அல்ல.

இன்றைக்கும் எரிச்சல் எதில் தெரியுமா? அந்த நாலு நாளில் முகம் துளிகூட வற்றவில்லை. நோய் திரும்பி வந்து, மறுபடி 40-லிருந்து ஆரம்பம். அப்படியே தொடர்ந்திருந்தால் சில வாரத்தில் முடிந்திருக்கும். கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. வளைகாப்புப் படத்தில் இருக்கிறேன், அதே பூசணிக்காய் முகத்தோடு.

எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது

ஏறும் எடையில் கொஞ்சம் உப்பு பிடித்துவைக்கும் நீர், கொஞ்சம் மாத்திரை கிளப்பும் பசி. ராத்திரி பதினொரு மணிக்கு நான் மிச்சச் சோற்றில் மோர் ஊற்றி, மோர்மிளகாயும் கருவாடும் வைத்துச் சாப்பிட்டவன். குறைக்க வேண்டியது அந்த உப்பை. புண் ஆறும் நேரத்தில் முட்டை, மீன், பருப்பை நிறுத்தாதீர்கள். சர்க்கரையும் ஏறும், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ராத்திரி போடுவது

காலையில், சாப்பிட்டபின். இல்லையென்றால் தூக்கம் போச்சு.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வலி மாத்திரை

வேண்டாம். வயிற்றையும் கெடுக்கும், குடலையும் கிளப்பிவிடும்.

பழைய சீட்டைக் காட்டி வாங்குவது

ரத்தம் திரும்ப வந்ததும் மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். ஸ்டீராய்டு நெருப்பை அணைக்க. நோய் திரும்பாமல் காக்க மெசலமைன், அசதயோபிரின் போன்றவை இருக்கின்றன. வருஷத்தில் இரண்டாம் முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால், மருந்தையே மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் அப்போதே.